தண்ணீர் தூங்காத ஊர்

அந்த வீட்டில் முதல் நாள் ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்து அப்பாவை உசுப்பினாள். "யாரோ குழாயைத் தொறந்து போட்டுட்டுத் தூங்குறாங்க. எவ்வளவு தண்ணி வீணாப் போகுது. போய் அடைச்சிட்டு வாங்க."

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "அது குழாய் இல்ல, கூல். அதை யாரும் அடைக்க மாட்டாங்க. படு."

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே நானும் போனேன். முற்றத்தைத் தாண்டிக் கல் சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்தில் ஒரு வாய்க்கால். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. அம்மா குனிந்து கையை விட்டாள். சுட்டதுபோல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். மேலே மலையில் பனி உருகி வருகிற தண்ணீர். கையை முந்தானையில் துடைத்தபடி அப்படியே கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். "இது எங்க போகுது?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

1985 மே மாதம். எனக்குப் பத்து வயது. அப்பா ராணுவத்தில் ஹவில்தார். இமாச்சலத்துக் காங்ராப் பள்ளத்தாக்கில் பாலம்பூர் ஹோல்டா முகாமுக்கு மாற்றலாகியிருந்தார். நாங்கள் வந்தது கோவில்பட்டியிலிருந்து. அந்தக் காலத்துக் கோவில்பட்டியைத் தெரிந்தவர்களுக்கு அம்மாவின் பதற்றம் புரியும். பத்து நாளைக்கு ஒரு தடவைதான் தெருக்குழாயில் தண்ணீர் வரும். எந்நேரம் வரும் என்று சொல்ல முடியாது. குடங்களை வரிசையில் போட்டுவிட்டு, குழாய் காற்று விடுகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடியே தூங்குகிற ஊர் அது. அப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஓடினால்?

ஊரிலிருந்து பாலம்பூர் போவதற்கு அப்போது மூன்று அகலத் தண்டவாளங்களில் பயணம் செய்ய வேண்டும். கோவில்பட்டியிலிருந்து எழும்பூர் வரை மீட்டர் கேஜ். சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து டெல்லி, அங்கிருந்து பதான்கோட், அதெல்லாம் பிராட் கேஜ். பதான்கோட்டில் இறங்கினால் இரண்டரை அடி அகலத்தில் ஒரு குட்டித் தண்டவாளம் காத்திருக்கும். ஒவ்வொன்றாகப் பெரிதாகி, கடைசியில் விளையாட்டுச் சாமான் அளவுக்குச் சுருங்கிய அந்த ரயிலைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இப்போது எழுதும்போதுகூட நெஞ்சுக்குள் வருகிறது.

பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர்நகர் வரை 164 கிலோமீட்டர். 1929-ல் ஓடத் தொடங்கிய பாதை. ஜோகிந்தர்நகருக்குப் பக்கத்தில் ஷானன் என்ற இடத்தில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். அதற்குக் கனத்த இயந்திரங்களைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த அவசரம்தான் இந்தப் பாதையைப் போட வைத்தது. இத்தனை மலைக்குள் போகிற பாதையில் இரண்டே இரண்டு குகைகள். மற்ற இடங்களில் எல்லாம் ஓடைக்குப் பக்கத்தில் வளைந்து, கரையோடு ஏறி, பாலத்தில் தாண்டிப் போகும். உலகப் போர் நடந்த 1942-ல் நக்ரோட்டாவுக்கு அப்பால் இருந்த தண்டவாளத்தைப் பிடுங்கிப் போருக்கு எடுத்துப் போய்விட்டார்கள். 1954-ல்தான் திரும்பப் போட்டார்கள். இதை அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆளைத்தான் போருக்கு அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தேன், இந்த ஊரில் தண்டவாளமும் போருக்குப் போயிருக்கிறது என்பார்.

பதான்கோட்டை விட்டதும் சக்கி ஆற்றின் பெரிய பாலம். அதைத் தாண்டினால் மலை தொடங்கிவிடும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கோ வழியில் மலைக்குப் பதிலாகக் கடல் போல ஒரு நீர்ப்பரப்பு தெரிந்தது. பியாஸ் ஆற்றின் குறுக்கே கட்டி 1974-ல் முடித்த பாங் அணையின் நீர்த்தேக்கம். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அப்பாவிடம் ஏதோ சொன்னார். அவருடைய ஊர் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறதாம். நல்ல நெல் விளைந்த பூமியாம். ராஜஸ்தானில் நிலம் தருகிறோம் என்று சொல்லி எழுப்பிவிட்டார்களாம். கோடையில் தண்ணீர் வற்றும்போது பாதுவில் மூழ்கிக் கிடக்கும் கோயில்கள் வெளியே தெரியும். அப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவேன் என்றாராம். அப்பா இதைத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அதிகமானாலும் ஊர் போகும் என்பதை அவள் அன்றுதான் கேள்விப்பட்டாள்.

அதற்கப்புறம் வலப்பக்கம், இடப்பக்கம் என்று மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணுக்கு முன்னால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், தௌலாதார் எழுந்து நின்றது. அடிவார மலை, நடு மலை என்ற படியெல்லாம் அங்கே கிடையாது. வயல், வயலுக்குப் பின்னால் கொஞ்சம் மரம், அதற்குப் பின்னால் நேராக வெள்ளைச் சுவர். 'தவள' என்றால் வெண்மை என்பது தமிழ் படித்தவர்களுக்கும் தெரிந்த சொல்தான்.

ராணுவக் குடியிருப்பில் இடம் கிடைக்காததால் பந்த்லாப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்திருந்தார் அப்பா. பச்சை மண் கல்லில் கட்டி, சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிய சுவர். கூரைக்குப் பலகைக்கல், சிலேட்டு மாதிரி கறுத்த தகட்டுக் கல்லை ஓடு போல அடுக்கியிருப்பார்கள். மழை பெய்தால் கூரை முழுவதும் பள்ளிக்கூடத்துச் சிலேட்டாக மின்னும். வீட்டுக்காரம்மாவை நான் 'சாச்சி' என்று கூப்பிட்டேன். அவருடைய மகளுக்குப் பதினெட்டு வயது. அக்காவை அங்கே 'போபோ' என்பார்கள். அவள் எனக்குப் போபோ ஆனாள். அம்மா மட்டும் சாச்சியைக் கடைசிவரை 'அக்கா' என்றுதான் கூப்பிட்டாள். சாச்சியும் அதற்கு 'ஹாஞ்சி' என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டார்.

கூல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எனக்குக் காட்டித் தந்தவள் போபோதான். வடமொழியில் 'குல்யா' என்றால் வாய்க்கால். அதுதான் அவர்கள் வாயில் கூல் ஆகியிருக்கிறது. நியூகல் மாதிரி ஓடைகளில் மேலே கல்லையும் மரக்கிளையையும் குறுக்கே போட்டுத் தண்ணீரைத் திருப்புவார்கள். அது சரிவோடு சரிவாக, பல ஊர்களுக்கு வகிர்ந்து வகிர்ந்து போகும். தண்ணீரைப் பங்கு வைக்கிறவருக்குக் கோஹ்லி என்று பெயர். நம் ஊர் நீர்ப்பாய்ச்சியேதான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அதே நடை. விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு தானியம் என்கிற வழக்கமும் அதே. வாய்க்கால் மடையில் அவர் கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர் திருப்புவார் என்று போபோ சொன்னதும் அம்மா தலையை ஆட்டினாள். அம்மாவுக்கு அந்த ஊர் பிடிபட்டது அந்த நிமிஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

கூலின் வழியில் ஒரு கராட் இருந்தது. தண்ணீரில் சுற்றும் திருகை. வெளியிலிருந்து பார்த்தால் சின்னக் கல் குடிசை. கூலிலிருந்து பிரிந்த தண்ணீர் மரத்தொட்டி வழியாகச் சரேலென்று இறங்கிக் குடிசைக்கு அடியில் படுத்த வாக்கில் இருக்கும் சக்கரத்தை அடிக்கும். மேலே கல் சுற்றும். கல்லுக்கு மேலே தானியக் கூடை தொங்கும். கூடையிலிருந்து ஒரு குச்சி சுற்றுகிற கல்லின் முதுகில் உரசிக்கொண்டே இருக்கும். கல் குதிக்கும்போதெல்லாம் குச்சி துள்ளும், குச்சி துள்ளும்போதெல்லாம் கூடை நடுங்கி நாலு மணி சோளத்தை உதிர்க்கும். தண்ணீர் வேகமாக வந்தால் அதிகம் உதிரும், மெதுவாக வந்தால் குறைவாக உதிரும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். இதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். 'டக டக டக' என்று அந்தக் குச்சி பேசுகிற பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. மாவு கையில் குளிர்ச்சியாக இருக்கும். மின்சார மில்லில் அரைத்த மாவு சூடாக வரும், அதில் ருசி வெந்துவிடும் என்பார் சாச்சி. கராட்காரருக்குக் கூலியாக ஒரு கை மாவு.

வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் அளவுக்குச் சாச்சியின் தேயிலைத் தோட்டம். நீலகிரி, வால்பாறைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அது தோட்டமாகவே தெரியாது. காங்ராவில் பெரும்பாலும் இப்படிச் சின்னச் சின்னத் துண்டுகள்தான். செடியும் சீனத்துச் சிற்றிலை ரகம். சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த டாக்டர் ஜேம்சன் 1849-ல் கொண்டுவந்து நட்டுப் பார்த்த செடியின் வம்சம். 1852-ல் முதல் வணிகத் தோட்டம் எழுந்தது ஹோல்டாவில். அப்பாவின் முகாம் இருந்த அதே ஹோல்டா. இங்கே செய்த பச்சைத் தேயிலை அமிர்தசரஸ் சந்தைக்குப் போய், அங்கிருந்து காபூல் வரைக்கும் போயிருக்கிறது.

பிறகு 1905 ஏப்ரல் 4 வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில் பூமி குலுங்கியதில் இருபதாயிரம் பேர் வரை செத்துப்போனார்கள். காங்ரா நகரம், கோட்டை, பிரஜேஸ்வரி அம்மன் கோயில், தரம்சாலா எல்லாம் நொறுங்கின. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். சாச்சியின் மாமியார் அப்போது ஐந்தாறு வயதுக் குழந்தை. நாங்கள் போனபோது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் அவரை 'அம்மா ஜி' என்பார்கள். மூன்று வருஷத்தில் அவர் நில நடுக்கத்தைப் பற்றி என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்குக் கூலில் தண்ணீர் வரவில்லை, அந்த அமைதியில் எனக்குக் காது வலித்தது என்றார். மேலே எங்கேயோ சரிந்து அடைத்திருக்க வேண்டும். குழந்தைக்கு நினைவில் நின்றது அந்தச் சத்தமின்மைதான்.

ஏப்ரலில் முதல் கொழுந்து. அதிகாலையில் சாச்சியும் போபோவும் பறிக்கத் தொடங்குவார்கள். எனக்கும் ஒரு கூடை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும். நகத்தால் கிள்ளக் கூடாது, விரல் நுனியால் நொடித்து எடுக்க வேண்டும். நகம் பட்ட இடம் கறுத்துவிடும். பெரும்பகுதி தொழிற்சாலைக்குப் போகும். வீட்டுக்கென்று கொஞ்சம் நிறுத்திக்கொள்வார்கள். அடுப்பில் இரும்புக் கடாயை வைத்து, கொழுந்தைப் போட்டுச் சாச்சி வெறும் கையால் புரட்டுவார். சூட்டில் இலை தளர்ந்து ஒரு வாசனை வரும். எங்கள் ஊரில் பச்சை நிலக்கடலையை அவிக்கும்போது வருகிற வாசனைக்குப் பக்கத்தில் வைக்கலாம். பிறகு பாயில் கொட்டி, இரண்டு உள்ளங்கைகளாலும் மாவு பிசைவதுபோல உருட்டுவார். உருட்ட உருட்ட இலை முறுக்கிக்கொண்டு, பச்சைச் சாறு கசிந்து பளபளவென்று ஆகும். வெயிலில் காய்ந்து மறுபடி கடாய்க்கு வரும்போது ஒரு கூடைக் கொழுந்து ஒரு டம்ளர் தூளாகியிருக்கும். சாச்சியின் உள்ளங்கை அந்த மாதம் முழுவதும் மஞ்சள் பூத்த கறுப்பில் இருக்கும்.

அந்தத் தேயிலையில் பால் ஊற்றினால் அது செத்துப்போகும். முதல் தடவை அம்மா பாலூற்றிக் கொதிக்கவிட்டு, "என்ன இது, வெந்நி மாதிரி இருக்கு" என்றாள். ஒரு குளிர்காலம் கழித்து வெறும் தண்ணீரில் போட்டு, வைக்கோல் நிறத்தில் இறங்கியதும் எடுத்துக் குடிக்கக் கற்றுக்கொண்டாள். ஊரிலிருந்து கடலை மிட்டாய்ப் பார்சல் வரும்போதெல்லாம் பாதி சாச்சி வீட்டுக்குப் போகும். அங்கிருந்து தேயிலை வரும். காங்ரா தேயிலைக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல். இரண்டு செய்தியையும் பத்திரிகையில் படித்தபோது எனக்கு அந்த அடுப்படிதான் நினைவுக்கு வந்தது.

கோயில்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைஜ்நாத் போனது சிவராத்திரிக்கு. 'வைத்யநாத்' என்று அப்பா சொன்னதும் "நம்ம வைத்தீஸ்வரன்" என்றாள் அம்மா. பின்வா ஆற்றின் மேல் 1204-ல் மன்யுகன், ஆஹுகன் என்ற இரண்டு வணிகச் சகோதரர்கள் எழுப்பிய கோயில். அவர்கள் பெயர் நமக்குத் தெரிவது மண்டபத்தில் பதித்திருக்கும் சாரதா எழுத்துக் கல்வெட்டுகளால். ராஜாவின் பெயரோடு வியாபாரிகள் பெயரும் கல்லில் நிற்பதை அப்பா விரல் வைத்துக் காட்டினார். 1905-ல் சுற்றிலும் எல்லாம் விழுந்தபோது இது தாக்குப்பிடித்தது. ராவணன் தவம் செய்த இடம் என்பதால் இந்த ஊரில் தசராவுக்கு அவன் உருவத்தை எரிப்பதில்லை. அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சம்பந்தர் பதிகங்களில் எட்டாவது பாட்டு வந்தால் ராவணன் வந்துவிடுவான், அவளுக்கு அவன் சிவபக்தன். வடக்கே வந்தால் எரிக்கிறார்களே என்று ஒரு வருத்தம் இருந்தது. "இந்த ஊர்க்காரங்க நியாயம் தெரிஞ்சவங்க" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாம் பொங்கல் வைக்கிற அதே நாளில் காங்ரா பிரஜேஸ்வரி கோயிலில் அம்மனாக வணங்கும் 'பிண்டி' கல்லுக்கு வெண்ணெய் சாத்துவார்கள். நூற்றொரு தடவை குளிர்ந்த தண்ணீரில் கழுவிய வெண்ணெய். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். தோல் நோய்க்கு மருந்து என்பார்கள். குளிரில் வெடித்துப்போன அப்பாவின் குதிகாலுக்கு அம்மா அதைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்து 'தாம்' சாப்பாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தரையில் வரிசையாக உட்கார்ந்து, தைத்த இலையில், சோறு வைத்து, ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே வருவார்கள். மூன்று மாதம் ரொட்டிக்காரர்கள் ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்த அம்மா அன்று பந்தியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அப்பாவுக்கு என்று ஒரு கோயில் இருந்தது. மஸ்ரூர். 1986 கடைசியில் காங்ராவிலிருந்து பஸ் பிடித்துப் போனோம். குன்றின் உச்சியில், முன்னால் ஒரு குளத்தோடு, ஒரே மணற்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய கோயில் தொகுதி. எட்டாம் நூற்றாண்டு. பாதி முடிந்ததும் முடியாததுமாக இருக்கும். நில நடுக்கத்தில் பிளந்து விழுந்த சிகரத் துண்டுகள் அப்படியே கிடக்கும். அப்பா கழுகுமலைக்குப் பக்கத்தில் பிறந்தவர். வெட்டுவான்கோயிலில் ஏறி விளையாடியவர். அதுவும் அதே நூற்றாண்டு, அதுவும் ஒற்றைப் பாறை, மேலிருந்து கீழே வெட்டி வந்து முடிக்காமல் விட்டது. ஒன்று நாகர சிகரம், ஒன்று திராவிட விமானம். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இரண்டு கூட்டம் சிற்பிகள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே நூற்றாண்டில் மலையின் தலையில் உளியை வைத்திருக்கிறார்கள். அப்பா முடிக்காத ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்து உளித் தடங்களின் மேல் மெதுவாக நகர்த்தினார். "இது மெத்துக் கல்லு. நம்ம ஊரு கல்லு அடி வாங்காது" என்றார். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. குளத்துத் தண்ணீரில் கோயிலும் அதற்கு நேர் எதிரே தௌலாதாரும். கழுகுமலையிலிருந்து பார்த்தால் கரிசல் காடுதான் தெரியும். அவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசியில் கத்தி இடையர்கள் மலையிறங்குவார்கள். அந்தச் சமூகத்தின் பெயர் காதில் ஆயுதம் போல விழுந்ததால் நான் முதலில் பயந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். சந்து முழுக்க ஆடு. அவை போக அரை மணி நேரம் ஆனது. சிறுத்தை கவ்வாமல் இருக்கக் கழுத்தில் முள்வளையம் போட்ட நாய்கள். கடைசியாக ஒரு பெரியவர். கம்பளி அங்கி, இடுப்பில் கறுப்புக் கம்பளிக் கயிற்றைப் பல சுற்றுச் சுற்றியிருந்தார். அங்கியின் நெஞ்சுப் பக்கம் அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு குட்டி தலையை நீட்டியது. பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல் அவர் தாடியைச் சப்பியது. அன்று சாச்சி வயலில் ஆடுகளைப் படுக்க வைத்தார்கள், உரத்துக்காக. "கிடை போடுதாங்க" என்றார் அப்பா ஆச்சரியத்தோடு.

அந்த இடையர் தடத்தில் ஒரு தடவை நாங்களும் நடந்தோம். மெக்லியோட்கஞ்சிலிருந்து திரியுண்ட், சுமார் 2,800 மீட்டர் உயரம். கருவாலி மரமும் புராஸும் நிறைந்த பாதை. புராஸ் என்பது செக்கச் சிவந்த பூப்பூக்கும் மரம். சாச்சி அதன் இதழில் துவையல் அரைப்பார். கடைசி வளைவு ஏறியதும் புல்வெளி. அதற்கு மேலே மலை ஒரேயடியாக எழும்பி நிற்கும். அப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து எனக்குக் கொடுத்துவிட்டு, எங்கள் கூல் எந்தப் பனியிலிருந்து வருகிறது என்று தேடினார். அது அந்த மலைமுகத்தில் இல்லை, கிழக்கே தள்ளி. ஆனாலும் ஏதோ ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டி அதுதான் என்றார். நானும் அதுதான் என்று நம்பினேன்.

1988-ல் கிளம்பினோம். போபோ ரயில் நிலையம் வரை வந்தாள். கோவில்பட்டி திரும்பி முதல் ராத்திரி எங்கள் மூன்று பேருக்கும் தூக்கம் வரவில்லை.

2016-ல் அப்பா ஒரு தடவை போகவேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். சாச்சி இல்லை. பலகைக்கல் கூரை போய்க் கான்கிரீட் தளம் வந்திருந்தது. கராட் இருந்த இடத்தில் ஒரு தேநீர்க் கடை. திருகைக் கல் வாசலில் உட்காரும் கல்லாகக் கிடந்தது. அதன் முதுகில் குச்சி உரசிய வட்டத்தை நான் தடவிப் பார்த்தேன். தோட்டத்தில் பாதிச் செடிகள் பறிப்பார் இல்லாமல் ஆள் உயரத்துக்கு மேல் மரமாகி நின்றன. வீட்டருகே கூலைச் சிமெண்டுக்குள் விட்டுப் பலகை போட்டு மூடியிருந்தார்கள். குழந்தைகள் விழுந்துவிடுகிறார்கள் என்றாள் போபோ. நியாயம்தான். அப்பா அந்தப் பலகை மேல் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான்கு வருஷம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

2022 ஆகஸ்டில் சக்கி ஆற்றில் வெள்ளம் வந்து ரயில் பாலத்தைக் கொண்டுபோனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். தூண் சாய்ந்ததும் இரும்புப் பாலம் அப்படியே தண்ணீரில் குனிந்தது. அம்மா "நாம வந்த பாலமா?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் போபோவுக்குப் போன் செய்தேன். அவளுக்கும் ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. மழை பற்றி, பாலம் பற்றிப் பேசினோம். அம்மா பக்கத்திலிருந்து, "கூல் ஓடுதான்னு கேளு" என்றாள்.

கேட்டேன். ஓடுகிறது, வீட்டுக்குப் பக்கத்தில் கேட்காது, இரு என்றாள் போபோ. அவள் நடக்கிற சத்தம் வந்தது. ஒரு லாரி போனது. நாய் குரைத்தது. மேடு ஏறுகிற மூச்சு. தோட்டத்துக்கு மேலே இன்னும் மூடாத இடம் ஒன்று இருக்கிறது. அங்கே போய்ப் போனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்திருக்க வேண்டும். நான் போனை அம்மா கையில் கொடுத்தேன்.

அம்மா இரண்டு கையாலும் அதைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கேட்கிறதா, கேட்கிறதா என்று போபோ அந்தப் பக்கத்தில் கத்துவது எனக்கே கேட்டது. அம்மா என்னைப் பார்த்து, "அவளைச் செத்த பேசாம இருக்கச் சொல்லு" என்றாள்.